ஜமீன் முழுங்கிய பல்

மார்ச் 3, செவ்வாய்

அத்தை வந்து சேர்ந்துவிட்டார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு, லிஃப்டிலிருந்து எங்கள் வாசல்வரை ஒரு ஊர்வலம். பின்னால் பையும் மருந்துமாக அவர் மகள், என் மனைவி. அதற்கும் பின்னால் அத்தையின் நாய். பெயர் ஜமீன். நாய்க்கு எதற்கு இப்படி ஒரு பெயர் என்று நினைத்தேன். நேராக வந்து என் சோபாவில் ஏறிச் சாய்ந்து, ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, ‘யாருப்பா நீ?’ என்கிற மாதிரி என்னைப் பார்த்தது. புரிந்துவிட்டது.

அத்தை வழக்கம்போல என்னிடம் பேசவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து நாலு வாக்கியம் முழுசாகப் பேசியிருப்பாரா? சந்தேகம். எல்லாம் மகள் வழியாகத்தான். “மாப்பிள்ளைக்கு டீ வேணுமான்னு கேளு.” நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். பேசும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு.

கணக்கு டீச்சராக இருந்தவர். ஒரே மகள் ஒரு பல் கட்டுகிறவனைக் கட்டிக்கொண்டது அவர் போட்ட கணக்கில் சேரவில்லை போலிருக்கிறது. போகட்டும். எலும்பு கூடும்வரைதானே.

இவள் ராத்திரிச் சாப்பாட்டில் குண்டைப் போட்டாள். “காலையில ஜமீனை நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்.”

“நானா?”

“எனக்கு ஏர்போர்ட்ல விடியக்காலை ஷிஃப்ட். வேற யாரு, அம்மாவா?”

மார்ச் 5, வியாழன்

எழுதவே கூசுகிறது. தெருத்தெருவாக ஜமீனை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்த்தான். ஒன்றும் போகவில்லை. திரும்பி வந்து லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியதும் — லிஃப்டிலேயே.

மேல்மாடிக்காரர் உள்ளே வரக் காலெடுத்து, அப்படியே படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

செய்தித்தாளை வைத்து அள்ளினேன். பிறகு நானும் வாந்தி எடுத்தேன். அதையும் அள்ளினேன்.

பல் செட் செய்கிற லேபில் நாள் முழுக்க ஊரார் வாயில் வைத்து எடுத்த பல் அச்சுகளைக் கையில் வைத்திருக்கிறவன் நான். எச்சில் ஈரம் காயாமல் வரும். அருவருப்பு என்று ஒன்று தோன்றியதே இல்லை. இதற்கு மட்டும் ஏன் குடல் தொண்டைக்கு வருகிறது?

அத்தை அறைக்குள்ளிருந்து மகளுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. “கயிறு கட்டியிருந்தா அவன் போக மாட்டான். அவுத்து விடணும்னு சொல்லு. ஆத்தோரம் நாய்ப் பூங்கா இருக்குன்னு சொல்லு.”

இதை நேற்றே சொல்லியிருக்கலாம். என்னிடம்.

மார்ச் 8, ஞாயிறு

நாய்ப் பூங்கா. வாசலுக்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டு, நடுவில் நின்று கயிற்றை அவிழ்த்து, பிறகுதான் அடுத்த கதவைத் திறக்க வேண்டும். அந்த நடு இடத்திலேயே ஜமீனுக்கு உடம்பெல்லாம் ஆட ஆரம்பித்துவிட்டது. திறந்ததுதான் தாமதம். அந்த வயசில், அந்த உடம்பில், அப்படி ஒரு ஓட்டம்! காது இரண்டும் பின்னால் பறக்கிறது. ஜமீன் தோரணை எங்கே போயிற்று? தெருப்பையன் மாதிரி ஓடினான்.

வேலிமூலையில் போய் உட்கார்ந்தான். நான் மரத்தைப் பார்த்தேன். நல்ல மரம். வேலிக்கு அந்தப்பக்கம் போகிற வண்டிகளைப் பார்த்தேன்.

“சார், உங்க பையன் அங்க ஒண்ணு விட்டுட்டு வந்திருக்கான்.”

கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு அம்மாள். தையல் கடை வைத்திருக்கிறாராம். கடை திறக்கும் முன் தன் மூன்றுகால் நாயோடு வருவாராம்.

“அது... எங்க நாயோடதுதானா?”

“முடிச்சிட்டு, உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே வந்தான். நீங்கதான் மரத்தைப் பார்த்துட்டு இருந்தீங்க.”

கம்பத்திலிருந்த பெட்டியில் ஒரு பையை உருவிக் கொடுத்தார். “கையுறை மாதிரி மாட்டிக்குங்க. எடுத்துட்டு அப்படியே உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உருவுங்க. முடிச்சு. தொட்டி அதோ. மூச்சை அடக்காதீங்க, அடக்கினா அப்புறம் ஒரேயடியா இழுப்பீங்க.”

எடுத்தேன். பைக்குள் கையில் அந்தச் சூடு தெரிந்தது பாருங்கள் — அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

மார்ச் 9, திங்கள்

இன்று வாந்தி வரவில்லை.

மார்ச் 14, சனி

காலை நேரத்து ஆட்கள் பழகிவிட்டார்கள். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. நான் ‘ஜமீன் அப்பா’. மறுக்கப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஒருத்தன் மட்டும் யாரோடும் ஒட்டுவதில்லை. காதில் பெரிய ஹெட்போன், கையில் போன், வேலியோரமாக நடந்துகொண்டே யாரிடமோ ஆபீஸ் பேசுவான். அவன் நாயும் ஜமீன் அளவுக்கு, ஜமீன் நிறத்தில். அது பாட்டுக்குக் கண்ட இடத்தில் போய் வைக்கும். அவன் எடுப்பதே இல்லை. தையல்காரம்மா அவனுக்கு ‘காதுமாட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார். “அவனோடதையும் பாதி நாள் நான்தான் எடுக்கறேன். நாறிப்போச்சுன்னா எல்லாருக்கும் சேர்த்துதானே பூட்டுவாங்க.”

சாயங்காலம் மூடு கெட்டுப்போனது. லேபுக்குப் போட்டுக்கொண்டு போகிற என் ஷூவை ஜமீன் குதறி வைத்திருந்தான். ஒரு ஜோடிதான் நல்லதாக இருந்தது. சமையலறையில் கத்திவிட்டேன். “இந்த வீட்ல ஒண்ணு அந்த நாய் இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்!”

உள்ளறையில் வாக்கர் நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

மார்ச் 16, திங்கள்

அத்தை ஜமீனுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். இவள் என்னிடம் வந்து சொல்லிவிட்டு, “சந்தோஷமா?” என்றாள்.

 சந்தோஷமா? தெரியலையே.

மார்ச் 19, வியாழன்

லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“மாப்பிள்ளை.”

பின்னால் யாரோ வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என்னைத்தான். கூடத்து நடுவில் வாக்கரைப் பிடித்தபடி அத்தை நிற்கிறார். மறு கையில் துண்டு, வாய்மேல்.

“என் பல்லை ஜமீன் முழுங்கிட்டான்.”

அத்தை கழற்றி மாட்டுகிற பல் போட்டிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான்! பல் செய்கிறவன்! ஒரே வீட்டில்!

மேல்வரிசையில் முன்பல் இரண்டு. சின்னத் தகடு, பிடித்துக்கொள்ள இரண்டு கம்பிக் கொக்கி. காலையில் சாப்பிட்டதும் ஈறில் குத்தியதால் கழற்றி, பேப்பரில் சுற்றித் தலையணைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அசந்து எழுந்து பார்த்தால் கடித்துத் துப்பிய பேப்பர்தான் இருக்கிறது. பல்லைக் காணோம். பகல் முழுக்க வாக்கரோடு கட்டிலடியெல்லாம் தேடியிருக்கிறார். இவளுக்கு இன்று இரட்டை ஷிஃப்ட், போனை எடுக்கவில்லை. “உங்களைக் கூப்பிடலாம்னு எடுத்தேன். எடுத்து எடுத்து வச்சுட்டேன்.”

ஜமீனை டாக்ஸியில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

எக்ஸ்ரேயில் வெள்ளையாக, வளைவாக, இரண்டு கம்பி. எனக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “வயித்தைத் தாண்டிக் குடலுக்குப் போயிடுச்சு. காலையிலேயே வந்திருந்தா வேற வழி பார்த்திருக்கலாம். வயசாயிடுச்சு இவனுக்கு. இதயத்துலயும் சத்தம் கேட்குது, மயக்க மருந்து கொடுக்க ரொம்ப யோசிக்கணும். ஆள் பெருசு, பொருள் சின்னது. தானா வெளிய வரலாம். கம்பி எங்கயாவது மாட்டிக்கிட்டா திறந்துதான் ஆகணும். வாந்தி எடுத்தா, சாப்பாட்டைத் தள்ளினா உடனே கொண்டு வாங்க. அதுவரைக்கும் ஒவ்வொரு தடவை போறதையும் பிரிச்சுப் பாருங்க.”

“பிரிச்சுன்னா...?”

“பிரிச்சுதான் சார்.”

மார்ச் 20, வெள்ளி

லேபிலிருந்து கையுறை, முகக்கவசம், பழைய தட்டு ஒன்று, மெழுகு சீவுகிற குச்சி. பூங்காவில் உட்கார்ந்து பிரித்தேன். வாந்தி, குமட்டல் ஒன்றும் ஞாபகத்துக்கே வரவில்லை. கம்பி, கம்பி, கம்பி — அது ஒன்றுதான் மண்டையில்.

இல்லை.

தையல்காரம்மா பக்கத்தில் குந்தி, “டார்ச் அடிக்கவா சார்?” என்றார். விஷயம் தெரிந்ததும் மற்றவர்களும் ஜமீன் எங்கே உட்காருகிறான் என்று கண்வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், அவனால் நிம்மதியாகக் கால் மடக்க முடியவில்லை.

வீட்டு வாசலிலேயே அத்தை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. “இல்லை அத்தை” என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜமீன் காதைத் தடவினார். தட்டை நான் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்ததை இவள் பாராட்டினாள்.

மார்ச் 21, சனி

 வேலிமூலையில், ஜமீன் வழக்கமாகப் போகிற இடத்தில், புதுசாக ஒன்று. பார்த்ததும் உட்கார்ந்து பிரித்தேன். அணு அணுவாக. ஒன்றுமில்லை.  நிமிர்ந்து பார்த்தால், ஜமீன் அந்தக் கோடியில் இப்போதுதான் உட்காருகிறான்!

அப்போ இது?

நேரே போய் காதுமாட்டியின் முன்னால் நின்றேன். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. “யோவ், உன் நாயோடதை நான் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றேன்யா! எங்க நாய் சாகுமா பிழைக்குமான்னு தெரியாம நான் இங்க கிடந்து தேடறேன், நீ போட்டது போட்டபடி போயிட்டே இருக்கே! காதுலதான் மாட்டியிருக்க, கண்ணுலயுமா மாட்டியிருக்க?”

அவன் மெதுவாக ஹெட்போனைக் கழற்றினான். நான் திட்டியது பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்லும்போது திட்டு திட்டாக வரவில்லை, அழுகையாக வந்தது. நடுப் பூங்காவில். நாற்பது தாண்டியவன்.

முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. “தெரியாது சார். சத்தியமா நான் பார்க்கவே இல்ல” என்றான். போய் ஒரு பையை உருவினான். எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றான். தையல்காரம்மா அவனை அப்படியே கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, அப்புறம்தான் சொல்லிக் கொடுத்தார்.

ஜமீன் போனதிலும் ஒன்றுமில்லை.

சாயங்காலம் அவன் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வாந்தி இல்லை, வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது என்றதும், காலையிலும் சாப்பிடாவிட்டால் நேரே தூக்கி வரச் சொன்னார்.

சாப்பாட்டு மேஜையில் நானும் அத்தையும் மட்டும். கீழே ஜமீன், அத்தையின் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டு.

“குத்துதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை. அஞ்சு நிமிஷ வேலை எனக்கு. கொக்கியைக் கொஞ்சம் வளைச்சுச் சரி பண்ணிக் கொடுத்திருப்பேன்.”

வாய்மேல் துண்டு அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்தே பேசினார். “நீங்க முதல் தடவை வீட்டுக்கு வந்தப்போ, நான் சிரிச்சேன். நீங்க என் வாயையே பார்த்தீங்க.”

பார்த்திருப்பேன். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும், கட்டின பல் என்று அன்றைக்குப் பிடிபடாவிட்டாலும். தொழில்.

“அப்பவே இந்தப் பல்லுதான். சரியாப் பொருந்தாது, பேசினா ஆடும். கணக்கு டீச்சர்னு பேரு, பல்லைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியலைன்னு நினைச்சிருப்பீங்கன்னு... அன்னையிலேருந்து உங்க முன்னாடி வாயைத் திறக்கவே கூச்சம்.”

இத்தனை வருஷம். இத்தனை வருஷம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்!

“நான்... உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்.”

அத்தை துண்டை எடுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். டீச்சர் பார்வை. “பிடிக்காமயா பொண்ணைக் குடுத்தேன்?”

ஷூ விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “அன்னைக்கு சமையலறையில...” என்பதற்குள், “கோபத்துல பேசறது கணக்குல வராது” என்றுவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

காலையிலும் தொடவில்லை. ‘இப்போ கிளம்பி வாங்க, தயாரா இருக்கோம்’ என்றார் டாக்டரம்மா. இன்று இவளுக்கு விடுமுறை, கூடவே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் பூங்கா. அந்த வேலி கண்ணில் பட்டதும் டாக்ஸிக்குள்ளேயே ஜமீன் எழுந்து நின்றுவிட்டான். டாக்டரம்மாவைப் போனில் கேட்டேன். “சரி, ஒரு பத்து நிமிஷம். ஓட விடாதீங்க.”

இரண்டு கதவு. கயிற்றை அவிழ்த்தேன். ஓடவில்லை. நடந்தான், கிழவன் மாதிரி. தையல்காரம்மா எழுந்து நின்றார். காதுமாட்டி — ஹெட்போன் இல்லை — தன் நாயைப் பிடித்துக்கொண்டான். 

சுற்றினான். மறுபடி சுற்றினான். உட்கார்ந்தான். எழுந்துவிட்டான். இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்தான்.

ரொம்ப முக்கினான். அப்புறம் ஒரு சின்னச் சத்தம், செல்லமாக அழுவதுபோல. எழுந்து நாலடி நகர்ந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பிரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வெயிலில் கம்பி மின்னியது. தகடு முழுசாக, பல் இரண்டும் அப்படியே, ஒரு கொக்கி மட்டும் வளைந்து.

“வந்துடுச்சா?” என்று காதுமாட்டி கத்தினான். பையைத் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்! ஆற்றோரம் நடந்து போன இரண்டு பேர் நின்று, வேலி வழியாகப் பார்த்தார்கள். ஒரு மனுஷன் நாய் ஆயைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறான், சுற்றி நின்று கைதட்டுகிறார்கள். என்ன நினைத்தார்களோ.

அத்தைக்குப் போன் போட்டேன். “வந்துடுச்சு அத்தை.”  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “அவன் எப்படி இருக்கான்?” கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜமீன் ஓட ஆரம்பித்துவிட்டான். டாக்டர் சொன்னது அவனுக்குத் தெரியுமா என்ன.

ஆஸ்பத்திரியில் மறுபடி படம் எடுத்தார்கள். சுத்தம்.

வீட்டுக்கு வந்ததும் இவள் குறும்பாக, “கொதிக்க வச்சுக் கழுவினா மறுபடி போட்டுக்கலாமாம்மா?” என்றாள்.

“தூக்கிக் குப்பையில போடுங்க மாப்பிள்ளை. இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு.” என்னிடம்தான் சொன்னார். நேராக.

ஏப்ரல் 4, சனி

பல் டாக்டர் எடுத்து அனுப்பிய அத்தையின் அச்சு நேற்று லேபுக்கு வந்தது. வேறு யாரையும் தொடவிடவில்லை.

இன்று ஜன்னலோரம் அத்தையை உட்கார வைத்து, நிறம் பார்க்கிற பல் வரிசையை அவர் வாய்ப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். கொஞ்சம் மஞ்சள் ஓடிய வெள்ளை. ரொம்ப வெள்ளையாக வைத்தால் பொய்யாக இருக்கும்.

“இப்போ நல்லாப் பார்த்துக்குங்க” என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அத்தை ஆப்பிளைக் கடித்துச் சாப்பிட்டார். பாதி ஜமீனுக்கு.

மே 10, ஞாயிறு

வாக்கர் போய்க் கைத்தடி வந்துவிட்டது. பூங்காவுக்கு அத்தையைக் கூட்டிப் போனேன். “பல்லுக்குச் சொந்தக்காரங்க வந்துட்டாங்க!” என்று தையல்காரம்மா பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார். பெயர் தெரியாத நாய்க்காரர்களுக்கெல்லாம் அத்தையைத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் மரியாதையாகப் பேசிக்கொண்டே அந்த முன்பல்லைப் பார்த்தார்கள். அத்தைக்கும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இருந்தார்.

காதுமாட்டி இப்போது சட்டைப்பையில் ஒரு கற்றைப் பை வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களைத் துரத்தித் துரத்திக் கொடுக்கிறான். தாங்க முடியவில்லை.

மே 24, ஞாயிறு

அத்தை தன் வீட்டுக்கே போய்விட்டார். டாக்டர் சரி என்றுவிட்டார், அவருக்கும் அவருடைய சமையலறை வேண்டும். ஜமீனுக்கு வேறு இடம் பார்க்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவனும் போய்விட்டான். பூங்காவுக்கு அந்தப்பக்கம்தான் வீடு, தூரமில்லை.

சோபா இப்போது என்னுடையது. உட்கார்ந்து பார்த்தேன். ரொம்பப் பெரிய சோபா.

மே 26, செவ்வாய்

விடிந்ததும் விழிப்பு வந்துவிட்டது. எதற்கு எழுந்தேன் என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன்.

போன். அத்தை. “மாப்பிள்ளை, தூங்கறீங்களா? ஒண்ணும் இல்ல. பூங்காவுலதான் இருக்கேன். இவன் போயிட்டான். எனக்குத்தான் குனிய முடியல.”

சட்டையை மாட்டிக்கொண்டே படியிறங்கினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

தினமும் லேபுக்குப் போகும் முன் ஒரு நடை என்று ஆகிவிட்டது. இன்று லேப் இல்லை, நல்ல மழை வேறு. இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று புரண்டு படுத்தேன். எதற்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பூங்காவில் ஒரு ஈ காக்கை இல்லை. பெஞ்சருகில் அத்தை மட்டும், ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் குடை. ஜமீன் சேறு முழுக்கத் தன்மேல் அப்பிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான்.

“என்ன இவ்ளோ நேரம்?” என்றார்.

“மழையில வர மாட்டீங்கன்னு நினைச்சேன் அத்தை.”

“அவனுக்கு மழைன்னு தெரியுமா? அதோ, அந்த மரத்தடியில.”

பையை மாட்டிக்கொண்டு போய்க் குனிந்தேன். கைத்தடிச் சத்தம் பின்னாலேயே வந்தது. முதுகில் விழுந்துகொண்டிருந்த மழை சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால், அத்தை குடையை முழுக்க என் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறார். அவர் தலையில் தண்ணீர் வழிகிறது.

“நீங்க நனையறீங்க அத்தை.”

“நீங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை” என்றார்.